தண்ணீர் குடிப்பீர்களா என்று கேள்

அன்புள்ள தங்கைக்கு,

மாற்றுத்திறனாளிகளின் உடல்நலம், வேலைவாய்ப்பு பற்றிய ஆய்வில் களப் பொறுப்பாளராகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. நீ அனுப்பிய கேள்விப் படிவத்தையும் படித்தேன். முன்பாதி உடல்நலம், பின்பாதி வேலை. முன்பாதியை டாக்டர்களும் பின்பாதியைப் பொருளாதாரம் படித்தவர்களும் எழுதியிருக்கிறார்கள் என்பது யாரும் சொல்லாமலே தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. அதைத் தாண்டி ஒரு கேள்விகூடப் போகவில்லை. எனக்குச் சொல்ல இருப்பதில் பெரும்பகுதி அந்தக் கோட்டைப் பற்றித்தான். உன்னைப் போலப் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், தனிக் கடிதமாக வைக்காமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தக் கோட்டை உங்கள் குழு புதிதாகப் போட்டுவிடவில்லை. அரசாங்கத்திலேயே அது இருக்கிறது. சிகிச்சை மக்கள் நல்வாழ்வுத் துறையிடம். அடையாள அட்டையும் பராமரிப்பு உதவித்தொகையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடம். ஓய்வூதியம் வருவாய்த் துறையிடம், அதாவது தாசில்தார் ஆபீஸில். வேலைவாய்ப்புப் பதிவு இன்னோர் இடத்தில். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. என்றால் அது ஒன்றிய அரசின் நிறுவனம். ஒரே ஆளின் கோப்பு ஐந்து அலமாரிகளில் கிடக்கிறது. ஆய்வு செய்கிறவர்களும் அந்த ஐந்து அலமாரிகளை அப்படியே நகலெடுத்து வைப்பதென்றால் ஆய்வு எதற்கு?

வேலூரில் நடந்ததைச் சொல்கிறேன். 1940களின் கடைசியில் சி.எம்.சி. மருத்துவமனையில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கினார். உலகம் முழுவதும் மருத்துவப் பாடமாகிவிட்ட சிகிச்சை அது. ஆனால் கை நேராகி வீடு போனவர்களில் சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். கை நன்றாக இருப்பதால் முன்போலப் பிச்சை விழுவதில்லை. தொழுநோயாளி என்பதால் வேலையும் எவரும் கொடுப்பதில்லை. மருத்துவக் கணக்கில் அது வெற்றி. அவர்கள் கணக்கில் வருமானம் போனதுதான் மிச்சம். அதற்குப் பிறகு மருத்துவர்களே முன்னின்று, சிகிச்சை பெற்றவர்கள் தங்கித் தொழில் கற்க ஓர் இடம் ஏற்படுத்தினார்கள். தச்சு வேலை, பொம்மை செய்வது என்று ஆரம்பித்தது.

பட்டறை தொடங்கியதும் அடுத்த சிக்கல் வந்தது. விரல் நிமிர்ந்ததே தவிர உணர்ச்சி திரும்பவில்லை. சுத்தியலை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது கைக்குத் தெரியாது. கொப்புளம் வந்தாலும் வலிக்காது. வலிக்காததால் மறுநாளும் அதே கையால் வேலை நடக்கும், புண் எலும்பு வரை போகும். ஆகவே கருவிகளின் கைப்பிடியைப் பருமனாக்கினார்கள், முனைகளை மழுக்கினார்கள். வேலை முடிந்ததும் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது தொழிலின் ஒரு பகுதியாகவே ஆனது. இப்போது சொல், உளியின் கைப்பிடி உடல்நலக் கேள்வியா, வேலைக் கேள்வியா? உன் படிவத்தில் எந்தப் பாதியில் வைப்பாய்?

அதே மருத்துவமனையில் மேரி வர்கீஸ் இருந்தார். 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அறுவை மருத்துவராகவே தொடர்ந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்து செய்யலாம் என்பதால் தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்யும் பணிக்கு வந்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் அதற்கென்றே ஒரு நிலையம் எழுந்தது. அவருடைய உறுதியைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் அதில் பார்ப்பது வேறு: நின்று செய்யும் வேலையை உட்கார்ந்து செய்யும் வேலையாக மாற்ற ஒரு மருத்துவமனை சம்மதித்தது. அவருக்குக் கிடைத்த அந்தச் சம்மதம் ஒரு லேத் பட்டறைத் தொழிலாளிக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது ஆய்வுக்குரிய கேள்வி.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். தென்னை ஏறி விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்களை நீ மாவட்டம் தோறும் சந்திக்கப் போகிறாய். அவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவர் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறார். கைவேலை சுத்தம், கடைக்காரருக்கும் அவர்மேல் மதிப்பு. விடியுமுன் எழுந்தால்தான் மலம் கழிக்கும் வேலை முடியும், அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு மனைவி புட்டத்திலும் குதிகாலிலும் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். அவருக்கு அங்கே உணர்வு கிடையாது, முதுகுப்பக்கத்தை அவரால் பார்க்கவும் முடியாது. இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் கடைக்குப் போவார். நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை டியூப் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டும். கடை இருக்கும் வளாகத்தில் கழிப்பறை உண்டு. வாசலில் இரண்டு படி, கதவு இரண்டடி அகலம். சக்கர நாற்காலி நுழையாது. அவர் என்ன செய்கிறார் தெரியுமா? காலையில் ஒரு டம்ளர் டீ. அதோடு சரி. இரவு வீடு திரும்பும் வரை தண்ணீர் தொடுவதில்லை.

இதன் விளைவைச் சொல்ல டாக்டர் வேண்டியதில்லை. சிறுநீர்த் தொற்று, குளிர் காய்ச்சல், ஜி.எச்.சில் படுக்கை, சம்பளம் இல்லாத நாட்கள். திரும்பி வந்தால் மறுபடி அதே டீ, அதே தாகம். உன் படிவம் இவரை எப்படிப் பதிவு செய்யும்? முன்பாதியில்: கடந்த 15 நாட்களில் நோயுற்றாரா, ஆம், என்ன நோய், காய்ச்சல். பின்பாதியில்: வேலையில் இருக்கிறாரா, ஆம். இரண்டு பதிலும் உண்மைதான். ஆனால் காய்ச்சலுக்குக் காரணமான கதவு எந்தக் கட்டத்திலும் விழவில்லை. அவரே ஒரு நாள் முடியவில்லை என்று வேலையை விட்டால், ‘உடல்நலக் குறைவால் வேலையை விட்டவர்’ என்று எழுதுவோம். கொள்கை வகுக்கிறவர்கள் அதைப் படித்துவிட்டு இன்னொரு மருத்துவ முகாம் நடத்துவார்கள். கதவு அப்படியே இருக்கும்.

ஆகவே ஒரு கேள்வியைச் சேர்: வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பீர்களா? இல்லையென்றால் ஏன்? சின்னக் கேள்விதான். கழிப்பறை, பஸ், முதலாளியின் குணம், சிறுநீரகம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். போலியோ பாதித்த காலுக்குக் காலிப்பர் போட்டுக்கொண்டு தையல் மெஷினில் உட்காரும் பெண்ணிடமும் கேள். எந்தக் குறைபாடும் இல்லாத பக்கத்து மெஷின்காரியிடமும் கேட்டுப் பார்; அவளும் குடிக்காமல் இருக்கக்கூடும். இருவரையும் ஒப்பிட்டால்தான் எது குறைபாட்டினால் வந்தது, எது அந்தத் தொழிற்சாலையினால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களிடம் கேட்க வேண்டியது வேறு. இரவு போடும் மாத்திரையின் தூக்கம் காலை எத்தனை மணிக்குத் தெளிகிறது, வேலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? மாத்திரை வாங்க எந்த நாளில் எந்த ஊருக்குப் போக வேண்டும், அந்த நாளின் கூலி என்ன ஆகிறது, முதலாளியிடம் என்ன காரணம் சொல்கிறார்கள்? ‘மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை’ என்று மருத்துவக் குறிப்பில் இருப்பதற்கு வேலைப் பக்கத்தில் காரணம் இருக்கலாம்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் நல்ல ஆய்வாளர்களே வழுக்கி விழுகிறார்கள்.

தேசிய மாதிரி ஆய்வின் 76ஆம் சுற்று 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடந்தது; மாற்றுத்திறனாளிகளுக்கென்றே நடந்த ஆய்வு. 15 வயதும் அதற்கு மேலும் உள்ள மாற்றுத்திறனாளிகளிடையே வேலையின்மை விகிதம் 4.2 சதவீதம் என்கிறது. அதே காலத்தையொட்டி நாட்டில் எல்லோருக்குமான வேலையின்மை ஏறத்தாழ 6 சதவீதம். அப்படியானால் மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களைவிட வேலை எளிதாகக் கிடைக்கிறதா? இந்த எண்ணைத் தனியாக எடுத்து ஒரு துறைச் செயலாளரிடம் கொடுத்தால் அவர் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடுவார். பக்கத்து வரியைப் பார்: தொழிலாளர் பங்கேற்பு விகிதம் 23.8, வேலையில் இருப்பவர்கள் 22.8. நூறு பேரில் இருபத்து மூன்று பேருக்கு வேலை, ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார், மீதி எழுபத்தாறு பேர் தேடவே இல்லை. பொது மக்களில் பங்கேற்பு விகிதம் 50ஐ ஒட்டி இருந்தது. தேடாதவரை வேலையில்லாதவர் என்று கணக்கு சொல்வதில்லை. யாருமே கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்த பிறகு எவர் தேடுவார்? தேடாதவர்கள் வேலையின்மை விகிதத்தின் கணக்கிலேயே வராததால் கிடைக்கும் பொய்யான ஆறுதல் இது. உன் அறிக்கையில் வேலையின்மை விகிதம் வரும் இடத்திலெல்லாம் பங்கேற்பு விகிதமும் அதே வரியில் வர வேண்டும். அடிக்குறிப்பில் தள்ள விடாதே.

அதோடு அந்த எழுபத்தாறு பேரிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேள்: கடைசியாக எப்போது வேலை தேடினீர்கள், என்ன பதில் கிடைத்தது? ‘வீட்டு வேலை செய்கிறார்’ என்று மூடிவிடும் பெண்களின் வரிசையில் இதன் பதில் நிறையச் சொல்லும்.

இன்னொரு கண்ணி மக்கள்தொகைக் கணக்கில் இருக்கிறது. 2001 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 16.42 லட்சம். 2011இல் 11.80 லட்சம். பத்து ஆண்டுகளில் நாலரை லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டார்கள். போலியோ ஒழிப்பு, கண்புரைச் சிகிச்சை என்று காரணம் தேடி ஓடுமுன் பிரித்துப் பார். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 2001இல் 9.64 லட்சம், 2011இல் 1.27 லட்சம். அதே பத்தாண்டில் கேட்கும் திறன் குறைந்தவர்கள் 72 ஆயிரத்திலிருந்து 2.20 லட்சமாகக் கூடியிருக்கிறார்கள். எட்டு லட்சம் பேருக்குப் பார்வை திரும்பவும் இல்லை, ஒன்றரை லட்சம் பேருக்குத் திடீரெனக் காது அடைத்துக்கொள்ளவும் இல்லை. கேள்வியும் வரையறையும் மாறின. ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரை 2001இல் சேர்த்தார்கள், 2011இல் சேர்க்கவில்லை. வகைகள் ஐந்திலிருந்து எட்டாயின. இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒரே வரைபடத்தில் கோடு போட்டு இணைத்த கட்டுரை உன் மேசைக்கு வந்தால் கோடு எங்கே உடைகிறது என்று கேட்டு ஓரத்தில் எழுதி அனுப்பு.

இந்தியாவில் 2011 கணக்கின்படி 2.21 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகள். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை உலக மக்களில் 16 சதவீதம் என்கிறது. நாம் அவ்வளவு ஆரோக்கியமான நாடு என்று யாரும் நம்பப் போவதில்லை. ‘உங்கள் வீட்டில் ஊனமுற்றோர் உண்டா’ என்று வாசலில் நின்று கேட்டால் கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். அதனால்தான் வாஷிங்டன் குழு என்ற ஐ.நா. புள்ளியியல் குழு ஆறு கேள்விகளை வகுத்தது: கண்ணாடி போட்டிருந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா, நடப்பதில், படி ஏறுவதில் சிரமம் உண்டா என்ற விதமாக. சிரமம் இல்லை, கொஞ்சம், அதிகம், முடியவே முடியாது என்று நாலு பதில். இதையும் கேள், அட்டை இருக்கிறதா என்பதையும் கேள். 2018 ஆய்வின் கணக்குப்படி சான்றிதழ் வைத்திருப்பவர்கள் 28.8 சதவீதம்தான். அட்டைப் பட்டியலை மட்டும் மாவட்ட அலுவலகத்தில் வாங்கி அதிலிருந்து மாதிரி எடுத்தால் நூற்றுக்கு எழுபது பேர் தொடக்கத்திலேயே வெளியே நிற்பார்கள். அந்த எழுபதில்தான் நடமாட முடியாதவர்கள், பஸ் ஏற முடியாதவர்கள், மருத்துவக் குழு கூடும் நாளில் துணைக்கு ஆள் கிடைக்காதவர்கள் அதிகம் இருப்பார்கள்.

அட்டையில் எழுதும் ஊனச் சதவீதம் என்ற சொல் உன்னைத் துரத்தப் போகிறது. ‘என் பையன் அறுபது’, ‘அவளுக்கு நாற்பத்தைந்துதான் போட்டார்கள்’ என்று ஊரே அதில்தான் பேசும். 40 இருந்தால்தான் சட்டப்படி ஒதுக்கீடு. 80 இருந்தால்தான் ஒன்றிய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியம். அதுவும் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்தால். அதில் ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். மாநிலம் தன் பங்குக்குக் கூடக் கொடுப்பதால்தான் இங்கே அந்தத் தொகைக்கு ஏதோ மதிப்பு இருக்கிறது.

ஆனால் சதவீதம் எதை அளக்கிறது? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. பிரஸ் மெஷினில் கை கொடுத்த அம்பத்தூர்த் தொழிலாளிக்கு இந்த அட்டவணையே விலைப் பட்டியல். தையல்காரரின் ஆள்காட்டி விரலும் இரவுக் காவலாளியின் ஆள்காட்டி விரலும் அங்கே ஒன்று. அதே விரலுக்கு அரசு மருத்துவமனைக் குழு அடையாள அட்டையில் வேறொரு எண்ணைப் போடும். ஒரே கைக்கு இரண்டு வெவ்வேறு சதவீதங்கள். இரண்டுமே அவர் நாளை எந்த வேலைக்குப் போகலாம் என்று சொல்லாது.

மனநோயில் நிலைமை இன்னும் விசித்திரம். அங்கே சதவீதத்தைக் கணக்கிட ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோல். தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நாலு தலைப்பில் மதிப்பெண். நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்கும் சேர்த்துக் கூட்டினால் 7 வந்தால்தான் 40 சதவீதத்தைத் தொடும். ஒருவர் மருந்து சாப்பிட்டுத் தேறி, மளிகைக் கடையில் பொட்டலம் கட்டப் போனால் வேலைத் தலைப்பில் மதிப்பெண் குறையும். அட்டையைப் புதுப்பிக்கும்போது 40க்குக் கீழே இறங்கிவிட வாய்ப்பு உண்டு. பஸ் பாஸும் உதவித்தொகையும் அதோடு போகலாம். அவர் தேறியதற்குக் காரணமே அந்த பாஸில் போய் மாதா மாதம் வாங்கிய மாத்திரையாக இருக்கலாம். உன் படிவத்தில் சதவீதத்தை ஒரு தடவை குறித்துக்கொண்டு நிறுத்தாதே. அட்டை எப்போது வாங்கினார், புதுப்பித்தபோது கூடியதா குறைந்ததா, அந்த நேரத்தில் வேலையில் இருந்தாரா என்று மூன்றையும் கேள்.

வேலைக்குப் போனால் உதவி போய்விடும் என்ற பயம் எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறையின் ஊனமுற்றோர் உதவி, வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய நிலை நீடித்தால் மொத்தமாக நின்றுவிடும். பணத்தைவிட, கூடவே வரும் மருத்துவக் காப்பீடு போய்விடுமே என்றுதான் பலர் அஞ்சினார்கள். 1999இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. வேலைக்குப் போன பிறகும் பல ஆண்டுகள் காப்பீடு தொடர வழி செய்தது. அது எவ்வளவு பலித்தது என்பது தனிக் கதை. உடல்நலமும் வேலையும் ஒரே முடிச்சு என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊரில் அந்த முடிச்சைப் பார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், மாதம் பத்தாயிரம். இ.எஸ்.ஐ.யில் மற்றவர்களுக்குச் சம்பள உச்சவரம்பு 21,000, மாற்றுத்திறனாளிக்கு 25,000; நல்ல ஏற்பாடு. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்குப் பொதுவாக இ.எஸ்.ஐ. வராது. செல்போன் கடையில் எத்தனை பேர் இருப்பார்கள்? மூன்று, நாலு. மாதம் பதினோராயிரம் வாங்குகிறவர் விதிப்படி பார்த்தால் இரண்டு காப்பீட்டுக்கும் நடுவில் விழுகிறார். நடைமுறையில் வருமானச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு விஷயம்; அதையும் மெதுவாகக் கேட்டால் சொல்வார்கள். எந்தத் திட்டத்தின் விதி என்ன என்று அரசாணையை வாங்கிப் படித்து வைத்துக்கொள். ‘பையன் வேலைக்குப் போனால் தொகையை நிறுத்திடுவாங்க’ என்று அம்மா சொல்லும்போது, விதியில் அப்படி இருக்கிறதா, இல்லாமலே அந்தப் பயம் பையனை வீட்டில் உட்கார வைத்திருக்கிறதா என்று உனக்குத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

சட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல மாட்டேன், நீயே படித்துக்கொள்வாய். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் அரசு வேலைகளில் 3 சதவீத ஒதுக்கீடு, 2016 சட்டத்தில் 4 சதவீதம், குறைபாட்டு வகைகள் 21. கணக்கிடும் முறையைப் பற்றியே வழக்கு நடந்து, உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நீ கவனிக்க வேண்டியது 2016 சட்டத்தின் 20ஆம் பிரிவு. பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, செய்ய முடிந்த வேறு பணி கொடு, அதே சம்பளம் கொடு என்கிறது. அருமையான பிரிவு. ஆனால் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். பஞ்சாலையில், பட்டாசு ஆலையில், கட்டிட வேலையில் அடிபட்டவருக்கு அந்தப் பிரிவு கிடையாது. நம் மாதிரியில் வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருப்பார்கள்.

நல்ல யோசனை ஒன்றையும் சொல்லி விடுகிறேன். நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகள் நாலு மணி நேரம் வேலை செய்தால் முழுக் கூலி என்று தமிழ்நாடு 2012இல் ஆணை போட்டது. உடம்புக்கு ஏற்ப நேரத்தைக் குறைத்து, கூலியைக் குறைக்காமல் விட்ட ஏற்பாடு. அலுவலக வேலைகளுக்கே இது இன்னும் வரவில்லை. களத்தில் அது எவ்வளவு நடந்தது என்று கேட்கும்போது, மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டை மட்டும் பார்க்காதே. எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள், என்ன வேலை கொடுத்தார்கள் என்று வேலை செய்தவரிடமே கேள்.

வட ஆற்காடு பகுதிக் கிராமங்களில் சூசன் எர்ப், பார்பரா ஹாரிஸ்-வொயிட் இருவரும் செய்த ஆய்வு 2002இல் புத்தகமாக வந்தது. கிடைத்தால் படி. ஊனத்தின் செலவை அவர்கள் மூன்றாகப் பார்த்தார்கள்: சிகிச்சைக்கும் பயணத்துக்கும் ஆகும் நேரடிச் செலவு, பார்த்துக்கொள்கிறவர் இழப்பது, பாதிக்கப்பட்டவரே சம்பாதித்திருக்கக்கூடியது. நடுவில் உள்ளதுதான் நம் படிவங்களில் காணாமல் போவது. செல்போன் கடையில் வேலை செய்பவரின் மனைவி விடியுமுன் எழுந்து செய்வதற்கு எந்தக் கட்டம்? அவர் பூ கட்டப் போய்க்கொண்டிருந்தார், இப்போது இல்லை. கணவர் வேலையில் இருக்கிறார் என்று ஒரு வரியில் கூட்டுகிறோம், மனைவி வேலையை விட்டது எதிலும் கழிக்கப்படுவதில்லை. பல வீடுகளில் மூத்த மகள் பள்ளிக்கு மட்டம் போடுவதாகவும் இது வரும். அமர்த்தியா சென் சொன்ன இரட்டைச் சிரமமும் இங்கேதான் நேரில் தெரியும்: சம்பாதிப்பதே குறைவு, சம்பாதித்த அதே ரூபாயை வைத்து மற்றவர் அளவுக்கு வாழவும் முடியாது. அதே சம்பளத்தில் டியூப், பஞ்சு, ஸ்கூட்டர் பழுது எல்லாம் போக என்ன மிஞ்சுகிறது என்று பார்க்காமல் வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரிக்காதே.

களத்தில் உட்காரும் விதம் பற்றி. கேள்வியை அவரிடம் கேள், அவருடைய அம்மாவைப் பார்த்துக் கேட்காதே. காது கேளாதவர் என்றால் சைகை மொழி தெரிந்தவரை அழைத்துப் போ; அண்ணன் மொழிபெயர்த்தால் அண்ணனின் கருத்துதான் உனக்கு வரும். யார் பதில் சொன்னது என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டம் வை, பின்னால் அந்த இரண்டு வகைப் பதில்களையும் தனித்தனியாக ஓட்டிப் பார். காலையில் போகாதே, காலை நேரம் அவர்களுக்கு எப்படிப்பட்டது என்று மேலே சொன்னேன். வேலைக்குப் போகிறவரை வேலை நேரத்தில் உட்கார வைத்தால் அந்த நேரக் கூலியைக் கொடு, திட்டச் செலவில் அதற்கு இடம் வை. ‘கார்டு வாங்கித் தருவீங்களா, லோன் வருமா’ என்றுதான் முதலில் கேட்பார்கள். வாக்குக் கொடுக்காதே, வெறுங்கையோடும் எழுந்து வராதே. மருத்துவக் குழு எந்த நாளில் கூடுகிறது, என்னென்ன காகிதம் வேண்டும், எந்த ஆபீஸ் என்று ஒரு பக்கத் தாள் அச்சிட்டு வைத்திரு.

கணக்கெடுப்பாளர்களில் மாற்றுத்திறனாளிகள் இருக்கட்டும். கருணைக்காகச் சொல்லவில்லை. சக்கர நாற்காலியில் வந்தவளிடம் சொல்லும் பதில் வேறு, உன்னிடமும் என்னிடமும் சொல்லும் பதில் வேறு. உங்கள் திட்ட அலுவலகம் முதல் மாடியில் இருக்கிறது, லிப்ட் இல்லை என்று கேள்விப்பட்டேன். வேலைவாய்ப்புக் கொள்கை பற்றிய அறிக்கையை அங்கே உட்கார்ந்து எழுதப் போகிறீர்களா?

ஒரு முறை கேட்டுவிட்டு வந்தால் எது எதனால் வந்தது என்று தெரியாது. உடம்பு கெட்டதால் வேலை போனதா, வேலை போனதால் மருந்து நின்று உடம்பு கெட்டதா? குறைபாடு எந்த வயதில் வந்தது, அப்போது என்ன வேலை, அடுத்து என்ன வேலை, நடுவில் எத்தனை நாள் சும்மா இருந்தார் என்று வரிசையாக எழுதி வாங்கு. முடிந்தால் அதே வீடுகளுக்கு ஓர் ஆண்டு கழித்து மறுபடி போக இப்போதே பணம் கேட்டு வை. பணம் கொடுப்பவர்கள் இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். மற்றதை வெட்டச் சொல்லி இதைப் பிடித்துக்கொள்.

அறிக்கை முடிந்ததும் ஆங்கிலத்தில் அடித்துச் சென்னைக்கும் தில்லிக்கும் அனுப்புவதற்கு முன், தமிழில் இரண்டு பக்கம் எழுது. பார்வையற்றவர்களுக்கு ஒலிப்பதிவாகவும், காது கேளாதவர்களுக்கு சைகை மொழி வீடியோவாகவும் செய். கேள்வி கேட்ட ஊர்களில் ஒரு மாலை உட்கார்ந்து படித்துக் காட்டு. தவறு என்று அவர்கள் சொல்வதைத் திருத்து. திருத்த முடியாத இடத்தில் அவர்கள் சொன்ன மறுப்பை அப்படியே அறிக்கையில் சேர். அதன் பிறகு ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் கேள். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், வேலைவாய்ப்பு அலுவலர், தாசில்தார், இ.எஸ்.ஐ.காரர் ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்காரும் கூட்டம். ஒருவர் வரவில்லை என்றால் தேதியைத் தள்ளிப் போடச் சொல். கீழ்த்தளத்தில், சாய்தளம் உள்ள அறையாகக் கேள். செல்போன் கடையில் வேலை செய்பவரையும் அவர் மனைவியையும் கூப்பிட வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அக்கா